கையில் நின்ற கடுகு

2 ஜூலை 1979, திங்கள்

மறுபடியும் பக்கத்து வீட்டுக்காரி வேடம். டிவி நிலையத்தில் தயாரிப்பாளர் சடகோபன் என்னிடம் வசனத்தாள்களை நீட்டும்போதே சிரித்தார். "நாகரத்தினம்மா, உங்களை விட்டா இந்த ஊர்ல பக்கத்து வீடே கிடையாது" என்றார்.

நாடகம் இரண்டு பாகம், செவ்வாய்க்கிழமைகளில் வரும். கதாநாயகி புதிதாகக் குடித்தனம் வந்த பெண். நான் எதிர்வீட்டுக் கமலம். கமலத்தின் புருஷன் வடக்கே வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. அவள் காத்திருக்கிறாள். முதல் பாகத்தில் இரண்டு வசனம், இரண்டாவதில் ஒன்று. ஆனால் படியில் காலடிச் சத்தம் கேட்டு அவள் முகம் மாறுவதைக் காமிரா கிட்டே வந்து பிடிக்கும் என்றார். நான்கு வருஷமாக அங்கே போகிறேன். காமிரா என் கிட்டே வந்ததே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்து, "நீங்க காபிப் பொடி கடன் கேட்டவங்கதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "திருப்பிக் கொடுத்தீங்களா?" போன நாடகத்தில் அந்தக் காட்சி இல்லை. யோசித்துவிட்டு, "கொடுத்துட்டேன்" என்றேன். அவளுக்கு நிம்மதியாக இருந்தது போலிருந்தது.

மண்ணெண்ணெய் இன்றும் வரவில்லை.

3 ஜூலை, செவ்வாய்

கமலத்துக்கு என்ன கொடுப்பதென்று தெரியவில்லை.

ஒவ்வொரு வேடத்துக்கும் நடமாடும் மனிதர் ஒருவரிடமிருந்து ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வது என் வழக்கம். ஒன்பது வயதில் கம்பெனி நாடகத்தில் எனக்குக் கிழவி வேடம் போட்டார்கள். கொட்டகை வாசலில் சுண்டல் விற்றவளின் இருமலை எடுத்துப் போட்டேன், கைதட்டினார்கள். அன்றிலிருந்து இதே பிழைப்பு. சினிமாவில் கல்யாணக் கூட்டத்தில் மூன்றாவது பெண்ணாக நின்றபோதுகூட, யாரோ ஒரு சித்தி மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் விதம் என்னிடம் இருந்தது. அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இருபத்தாறு வயதில், என்னைவிட மூத்த கதாநாயகன் ஒருவருக்குத் தாயானேன். அதற்குக் காய்கறிக்காரி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் விதம் உதவியது.

காத்திருப்பவர்கள் யாரை எனக்குத் தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். பிறகு அவரைக்காய் நறுக்கினேன்.

5 ஜூலை, வியாழன்

கிடைத்துவிட்டது. எதிர்வீட்டிலேயே இருந்திருக்கிறது.

பிலோமினா தூத்துக்குடிக்காரி. வயது முப்பத்துநாலு இருக்கும். கண்ணாடிக் கடையில் வேலை. வாங்குகிறவர்களின் மூக்கில் கண்ணாடி சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. புருஷன் கப்பலில். இந்த ஹவுசிங் போர்டு குடியிருப்புக்கு அவள் வந்து நாலு வருஷமாகிறது, அவனை ஒருவரும் பார்த்ததில்லை. ராத்திரிச் சாப்பாடு எனக்கு அவள் வீட்டில்தான். அரிசியும் காய்கறியும் என் பொறுப்பு, சமையல் அவள் பொறுப்பு.

ஏழு மணி பஸ் எங்கள் தெரு முனையில் நின்றது. அவள் அப்போது வாணலியில் எண்ணெய் வைத்து, தாளிப்பதற்குக் கடுகை உள்ளங்கையில் எடுத்திருந்தாள். பஸ் சத்தம் கேட்டதும் கை வாணலிக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. எண்ணெய் புகைந்தது. கடுகு வெடித்தால் படியேறும் சத்தம் காதில் விழாது அல்லவா! காலடிகள் ஒவ்வொரு மாடியாகப் பிரிந்து போயின. ஒன்று மட்டும் எங்கள் வாசல்வரை வந்து, தாண்டி, மேலே போனது. அதற்குப் பிறகுதான் கடுகு எண்ணெயில் விழுந்தது. விழுந்ததும் அவள் ஏதோ மெதுவாகப் பாடிக்கொண்டே கறிவேப்பிலை உருவினாள்.

இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். பாட்டு ஏன் என்று விளங்கவில்லை. கமலத்துக்கு அது பொருந்தாது, விட்டுவிடலாம்.

"நீங்க ஆரையக்கா வாசல்ல பாக்கிய?" என்றாள். என் கழுத்தும் திரும்பியிருந்திருக்கிறது.

"கொசு" என்றேன்.

அவளுடைய இடது கை முழுக்க நீளாது, முழங்கையில் மடங்கியே நிற்கும். அதையும் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஒன்று போதும். கை எப்படி ஆனது என்று முன்னொரு நாள் கேட்டதற்கு, "கெணத்தடியில வழுக்கிட்டு" என்றிருக்கிறாள்.

6 ஜூலை, வெள்ளி

வீட்டில் கடுகை வைத்துப் பழகினேன். கை வியர்த்தால் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்சம் மாவு தடவிக்கொள்ள வேண்டும்.

8 ஜூலை, ஞாயிறு

துணி துவைத்தேன். அலமாரியின் மேலிருந்து ஹார்மோனியத்தை இறக்கித் தூசு தட்டினேன். மாதம் ஒருமுறை துருத்தியை இழுத்துவிடாவிட்டால் தோல் விறைத்துப் போகும். எனக்கு வாசிக்கத் தெரியாது. மலேயாவுக்குப் போன கம்பெனியில் முத்துக்கறுப்பன் என்பவர் வாசித்தது. கப்பலில் சுமை கூடாது, வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டுப் போனார். அது ஐம்பத்தேழில்.

சபா நாடகக்காரர் ஒருவர் வாடகைக்குக் கேட்டார். என்னுடையதல்ல என்று சொல்லி அனுப்பினேன்.

10 ஜூலை, செவ்வாய்

முதல் பாகம் பதிவாகிவிட்டது.

அங்கே நாடகம் ஒரே ஓட்டமாகத்தான் பதிவாகும். நாடாவை வெட்டி ஒட்டும் வசதி எங்களுக்கு இல்லை. நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு ஸ்டுடியோ நேரம் கிடைக்காது. ஆகவே யாராவது வசனத்தை மறந்தால் எதிரில் நிற்பவர் சமாளித்து இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். என்னை அடிக்கடி கூப்பிடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். இன்றும் கதாநாயகி ஹேமாவதி ஒரு வரியைத் தவறவிட்டாள். "பால்காரன் வந்தானா" என்று கேட்டு அவளைக் கரையேற்றினேன்.

என் காட்சி வந்தது. கையில் கடுகு, வெறும் வாணலி, படியில் காலடி. காமிரா கிட்டே வந்தது. காலடி தாண்டிப் போனதும் விரல்கள் தளர்ந்து கடுகு தானாகச் சிந்தியது. சடகோபன் மேலே கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து, "கிளிசரின் எப்போம்மா போட்டீங்க?" என்றார்.

நான் போடவில்லை. விளக்குச் சூடு கண்ணைக் கரிக்கும்.

17 ஜூலை, செவ்வாய்

எங்கள் கட்டடத்தில் ஒரே ஒரு டிவி, சங்கச் செயலாளர் கோதண்டபாணி வீட்டில். செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. அவர் மனைவி சம்பூர்ணம் எனக்கும் பிலோமினாவுக்கும் முன்வரிசையில் பாய் போட்டிருந்தாள்.

கமலத்தின் கை வாணலிக்கு மேலே நின்றது. கூடத்தில் யாரோ 'உச்' கொட்டினார்கள். நான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிதாக அதைப் பார்த்ததில்லை.

சம்பூர்ணம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அடியம்மா! மாடியில தினமும் ஏழு மணிக்கு எண்ணெய் கருகற வாசனை ஏன்னு இப்பத்தானே புரியுது! நம்ம பிலோமினா மாதிரியே இல்ல?"

டிவியைப் பார்த்திருந்த தலைகளெல்லாம் திரும்பின. பிலோமினா, "அடுப்புல பாலு இருக்கு" என்று எழுந்தாள். நாடகம் முடிய இன்னும் நேரம் இருந்தது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பால் காலையில்தான் வரும்.

18 ஜூலை, புதன்

நாடக மேடையில் இது நடக்காது. யாருடைய இருமலை எடுத்தேனோ அவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்காரமாட்டார். இந்தப் பெட்டி வந்தபிறகு எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

சாயங்காலம் கோதண்டபாணி மாடியேறி வந்தார், சம்பூர்ணமும் பின்னாலேயே. இருவர் கண்ணும் கலங்கியிருந்தது. நல்ல மனிதர்கள்.

"பிலோமினா, நாலு வருஷமா எங்களுக்கு இது உறைக்கவே இல்லை பாரும்மா" என்றார் அவர். "நான் ஹார்பர்ல முப்பது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டினவன். புருஷன் எந்தக் கப்பல்னு சொல்லு, மிச்சத்தை என்கிட்ட விடு."

"எதுக்கு சார் உங்களுக்குச் செரமம்? அவுகளே வருவாக."

"அட, என்ன சிரமம்? ஷிப்பிங் ஆபீஸ்ல என் சிநேகிதன் வேதாசலம் லீவுல இருக்கான். அடுத்த புதன்கிழமை வந்துடுவான். நானே நேர்ல போறேன். கப்பல் பேர் இல்லாட்டியும் பரவாயில்லை. அந்தோணிதாசன், ஊரு தூத்துக்குடி. போதாதா? அங்க இருக்கற ஆபீசுக்கும் ஒரு வார்த்தை சொன்னா, இந்த விலாசத்தைக் கையில குடுத்து, ஆளைக் கொண்டாந்து உன் படியில நிறுத்திடுவாங்க."

"வேண்டாம் சார்."

"பாத்தீங்களா, வெக்கப்படறா" என்றாள் சம்பூர்ணம்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். பிலோமினா என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் பார்த்ததில்லை. எந்த வேடத்துக்கு உதவும் என்று மனம் போனதை நிறுத்த முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாளுக்கு மேல் இன்னொரு தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

19 ஜூலை, வியாழன்

ராத்திரிக்குப் பன்னும் வாழைப்பழமும். பஸ் வந்தது. எதிர்வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை.

20 ஜூலை, வெள்ளி

காலையில் அவளாகவே வந்தாள். கையில் மூடிய பாத்திரம், இட்லி. அதைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"கடுகைச் சரியாத்தான் புடிச்சியக்கா. மத்ததெல்லாம் தப்பு."

நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவன் கப்பல்ல இல்ல. உப்பளத்து லாரி ஓட்டுதான்."

நாலு வருஷமாக 'அவுக' என்றே கேட்டிருந்தேன். 'அவன்' என்ற சொல் அறையில் விழுந்ததும் நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

"எங்க வீட்டுல கெணறே கெடையாதுக்கா" என்றாள், முழங்கையைத் தடவிக்கொண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதாகச் சொல்லி, பூசைச் சேலையோடு ரயிலேறியிருக்கிறாள். ஊரில் ஒருவருக்கும் இந்த விலாசம் தெரியாது.

"அப்ப பஸ் வரும்போது நீ காது கொடுக்கறது?"

"வந்திரக் கூடாதேன்னுல்லா காது குடுக்கேன்! காலடி மேல போயிட்டுன்னா, இன்னைக்கு இல்லன்னு ஆயிரும். பொறவுதான் எனக்குப் பாட்டே வரும்."

பாட்டு. அதைத்தான் நான் பொருந்தாது என்று விட்டது.

"கோதண்டபாணி சார்கிட்ட உண்மையைச் சொல்லிடலாமே பிலோமி. நான் வேணா சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவிய? நாலு வருசமா கப்பல் கப்பல்னு சொன்ன வாய்க்கா இது. ஒண்ணு, பொய்க்காரின்னு வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாக. இல்லன்னா, ரெண்டு பேரையும் சேத்து வைக்கேன்னு பாயைப் போட்டு உக்காருவாக. இந்த ரெண்டாவதுதான் எனக்கு பயம். நல்லவுகல்லா!"

அது உண்மை. அவர் சேர்த்து வைக்காமல் விடமாட்டார். போன வருஷம் மூன்றாம் மாடித் தம்பதியைச் சேர்த்து வைத்தார். இப்போதும் அவர்கள் தட்டுகளை எறிந்துகொள்வது கேட்கிறது.

"நான் என்ன செய்யணும்?"

"நீங்க காட்டுனத நம்பித்தான அவுக வந்தாக? கமலம்தான் நான்னு ஆயிட்டு. ரெண்டாவது பாகம் இருக்குல்லா. கமலத்தை மாத்திக் காட்டுங்க. நான் வாயத் தொறந்து சொன்னா பஞ்சாயத்து. கமலம் சொன்னா கதை."

"எழுதினபடிதான் நடிக்கணும். மாத்தினா என்னை இனிமே கூப்பிட மாட்டாங்க."

"ஆமா" என்றாள். இட்லிப் பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

21 ஜூலை, சனி

இரண்டாம் பாகத்தில் எனக்கு எழுதியிருப்பது இது: காலடி தாண்டிப் போகிறது. கதாநாயகி, "கவலைப்படாதீங்கக்கா, அவர் வந்துடுவார்" என்கிறாள். கமலம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வருவார்" என்கிறாள்.

சாயங்காலம் பிலோமினாவின் சமையலறையில் ஒத்திகை. அவள் முக்காலியில் உட்கார்ந்து, கடையில் மூக்குகளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"தோளு அப்படிக் கெடையாது. தூக்குங்க. காதுகிட்ட வரணும். ஆங். மூச்சு விடாதிய. வாசல எதுக்குப் பாக்கிய? நான் வாசலப் பாக்கவே மாட்டேன். தாழ்ப்பாளப் பாப்பேன்."

திரும்பச் செய்தேன். அவள் சொன்ன இடத்தில் தோளை இறக்கினேன். உடம்பு முழுக்க இலேசாகிவிட்டது. நடிப்பில் இது எனக்கு நேர்ந்ததில்லை. பாட்டையும் கேட்டேன். முதலில் வெட்கப்பட்டாள், பிறகு முணுமுணுத்தாள். வார்த்தை கிடையாது, ஊரில் வலை பின்னும்போது பெண்கள் இழுக்கும் ராகமாம்.

"இப்ப சரி. இப்ப நான்தான்" என்றாள். பிறகு, "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? மொதப் பாகத்துல நீங்க செஞ்சீயள்லா, வாசலப் பாத்து, கையெல்லாம் தளந்து, கண்ணு நெறஞ்சு. அது நான் இல்ல. அது ஆருக்கா?"

மீன் குழம்பு நன்றாக இருந்தது. புளி ஒரு கரண்டி அதிகம்.

22 ஜூலை, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். வேறொன்றுமில்லை.

23 ஜூலை, திங்கள்

பதிவு முடிந்தது. நாளைக்கே ஒளிபரப்பு என்பதால் எல்லோருக்கும் அவசரம்.

காலடி வந்தது. தோள் ஏறியது. தாழ்ப்பாளைப் பார்த்தேன். காலடி தாண்டிப் போனது. மூச்சை விட்டேன். போய்த் தாழ்ப்பாளுக்கு மேல் இன்னொரு முறை கை வைத்துப் பார்த்துவிட்டு, கடுகை வாணலியில் போட்டு, முணுமுணுத்தேன். செட்டில் அடுப்புக் கிடையாது, கடுகு வெடிக்கவில்லை. ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு அது கேட்டது.

காமிராக்காரர் தொப்பியை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு இன்னும் கிட்டே வந்தார். அவரிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

"கவலைப்படாதீங்கக்கா, அவர் வந்துடுவார்" என்றாள் ஹேமாவதி.

"வந்துடக் கூடாதுன்னுதாம்மா தினம் காது கொடுக்கறேன்."

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து அவளுக்கு, 'உங்க பொறுமைக்குப் பலன் கிடைக்கும்' என்று வசனம். வாயைத் திறந்தாள், மூடினாள். இருபது வயது. கரையேற்ற இந்த முறை நான் போகவில்லை. அவளே என் பின்னால் கதவைப் பார்த்து, "தாழ்ப்பாள் சரியா இருக்காக்கா?" என்றாள்.

எங்கே கற்றுக்கொண்டாள்? அவளை இனி கவனிக்க வேண்டும்.

முடிந்ததும் சடகோபன் இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. "யாரைக் கேட்டும்மா மாத்தினீங்க?"

"வசனம் மறந்துபோச்சு சார்."

"உங்களுக்கா? ஒரே ஒரு வசனம்தானே!"

"வயசாகுது."

திரும்ப எடுக்க நேரமில்லை. வாசலில் அடுத்த விவசாய நிகழ்ச்சிக்கு வயல் படுதாவும் வாழைக்கன்றும் காத்திருந்தன. "எழுதினவர் என் கழுத்தைப் பிடிக்கப் போறார்" என்று சொல்லிக்கொண்டே போனார். கதவருகில் நின்று திரும்பி, "இனிமே உங்களுக்குப் பேசற வேஷமே கிடையாது" என்றார்.

24 ஜூலை, செவ்வாய்

பிலோமினா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். அதே முன்வரிசைப் பாய். கோதண்டபாணி வந்தவர்களிடமெல்லாம், "நாளைக்குக் காலையில முதல் பஸ்ல ஹார்பர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சலவைச் சட்டையை ஏற்கெனவே எடுத்து ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

கமலம் தாழ்ப்பாளைத் தொட்டாள். கமலம் சொன்னாள்.

போன வாரம் 'உச்' கொட்டியவர்கள் இந்த வாரம் ஒன்றும் கொட்டவில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை, சம்பூர்ணத்தைப் பார்த்தேன். அவள் முதலில் டிவியைப் பார்த்தாள். பிறகு பிலோமினாவின் முகத்தை. பிறகு மடியில் மடங்கியே கிடந்த அந்த இடது கையை. அங்கேயே வெகுநேரம் பார்த்தாள். இந்தப் படிக்கட்டில் நான் மட்டும்தான் மனிதர்களைக் கவனிக்கிறேன் என்று எண்ணியிருந்தது எவ்வளவு தவறு!

"என்னடி இது, கதை கோணலாப் போகுது?" என்றார் கோதண்டபாணி. "புருஷன் வந்தா இவளுக்கு என்னவாம்?"

"டிவியை அணைங்க" என்றாள் சம்பூர்ணம்.

"இன்னும் முடியலையே!"

"முடிஞ்சுது. நாளைக்கு நீங்க ஹார்பருக்குப் போக வேண்டாம்."

"ஏன்? வேதாசலம் கிட்ட சொல்லி அனுப்பிட்டேனே..."

"முழங்கால் வலின்னு சொல்லிக்குங்க. வேண்டாம்னா வேண்டாம்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. எழுந்து போய், ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தார்.

சம்பூர்ணம் முறுக்குத் தட்டை நேராகப் பிலோமினாவிடம் கொண்டுபோனாள். "ரெண்டா எடுத்துக்கடி. கீழ் வீடு என் வீடு. எவன் வந்து உன் பேரைச் சொல்லிக் கேட்டாலும் என்னைத் தாண்டித்தான் படியேறணும். அப்படி ஒருத்தி இங்க இல்லவே இல்லைன்னுடுவேன்."

பிலோமினா மூன்றாக எடுத்துக்கொண்டாள்.

31 ஜூலை, செவ்வாய்

நிலையத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. வானொலிக்குப் போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன், அங்கே முகம் வேண்டாம். பஸ்ஸில் இன்று ஒரு பெண் அருகில் வந்து உட்கார்ந்தாள். காபிப் பொடியைக் கேட்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போது என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். வளையல் கிடையாது, சின்னக் கை. யார் என்று தெரியவில்லை. திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

மண்ணெண்ணெய் கிடைத்தது. ஹார்மோனியத்தை இந்த மாதம் இன்னொரு முறை இறக்குவதாக இருந்தேன், மறந்துவிட்டது.

பிலோமினாவுக்குக் கடையில் கணக்கெடுப்பு, வரத் தாமதமாகும் என்றிருந்தாள். இன்று சமையல் நான். எண்ணெய் காய்ந்திருந்தது, கடுகு கையில் இருந்தது. முனையில் ஏழு மணி பஸ் வந்து நின்றது. படியில் ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள்.

கடுகைப் போட்டேன்.